வேடனின் மறுப்பு

செர்மனியின் கிரிம் உடன்பிறப்புகள் 1812ஆம் ஆண்டில் வெளியிட்ட நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் ஸ்னோ ஒயிட்டின் கதை இடம்பெற்றது. அக்கதையை வால்ட் டிஸ்னி 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' என்னும் அசைவூட்டப் படமாக உருவாக்கினார். ஓவியர்கள் கையால் வரைந்த அப்படம் 1937 டிசம்பர் 21 அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது.

இளமையில் இப்படத்தைக் கண்டோர் நெஞ்சில் நிற்பவை பேசும் கண்ணாடியும் நச்சு ஆப்பிளுமே. வளர்ந்தபின் மீண்டும் காண்போர், சிறிது நேரமே தோன்றும் வேடனை உற்று நோக்குவர்.

அழகுச் செருக்குடைய மாற்றாந்தாயாகிய அரசி, இளவரசியைக் கொன்று, அவளது இதயத்தைப் பேழையில் வைத்துக் கொணருமாறு வேடனைப் பணிக்கிறாள். தவறினால் தண்டனை உண்டு என்பதும் அவனுக்குத் தெரியும். வழிதவறிய பறவைக்குஞ்சைத் தேற்றிக்கொண்டிருக்கும் இளவரசியை நோக்கிக் கத்தியை ஓங்குகிறான். அவள் அலறித் திரும்பியதும் கை நடுங்குகிறது. கத்தி நழுவி விழுகிறது. மண்டியிட்டு மன்னிப்பு வேண்டி, "தப்பி ஓடிவிடு" என எச்சரிக்கிறான். அரசியிடம் அவன் அளித்த பேழையில் இருந்தது பன்றியின் இதயம்! அப்பொய்யைக் கண்ணாடி வெளிப்படுத்திவிடுகிறது. பின்னர் வேடனுக்கு நேர்ந்தது யாது எனப் படம் கூறவில்லை.

அவன் அஞ்சிப் பணிந்திருப்பின் கதை காட்டிலேயே முடிந்திருக்கும். தீய ஆணையை மறுத்த எளியவன் ஒருவனாலேயே ஓர் உயிர் பிழைத்தது.

அருஞ்சொற்பொருள்: பேழை – பெட்டி; செருக்கு – ஆணவம்; தேற்றுதல் – ஆறுதல் கூறுதல்.

சிந்தித்து எழுதுக: வேடன் அரசியிடம் பொய்யுரைத்தது முறையா? திருக்குறளின் 'வாய்மை' அதிகாரத்தைப் படித்து, ஐந்து தொடர்களில் விடை எழுதுக.