ஸ்பிரிங் "உக்காந்துடுச்சு"ன்னா என்ன அர்த்தம்?

ஓசூரில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒருமுறையாவது இதைக் கேட்டிருப்பார்கள்: "சார், ஸ்பிரிங் உக்காந்துடுச்சு, மாத்தணும்." 1980 முதல் அசோக் லேலண்ட் ஆலை இருக்கிற ஊர் இது. இங்கே படிக்கிற நாம் அந்த வார்த்தையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டாமா?

ஸ்பிரிங் வயதானால் இளகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பேப்பரில் படித்த ஃபார்முலாவை நினைத்துப் பாருங்கள். ரிஜிடிட்டி மாடுலஸை கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கால் பெருக்கி, அதை 8, சுருள் விட்டத்தின் மூன்றாம் அடுக்கு, சுருள்களின் எண்ணிக்கை மூன்றின் பெருக்கலால் வகுத்தால் விறைப்பு வரும். இதில் வயது எங்கேயும் இல்லை. எஃகின் மாடுலஸ் ஓடி ஓடிக் குறைவதில்லை. குறைவது ஸ்பிரிங்கின் நீளம். வருஷக்கணக்கில் சுமை தாங்கியதால் வரும் நிரந்தரச் சுருக்கம் அது. அதனால்தான் வண்டி தாழ்ந்து நிற்கிறது.

நிஜ ஆபத்து துருதான். கல் பட்டு பெயின்ட் உரிந்த இடத்தில் துரு அரித்து, கம்பி விட்டம் 5 சதவீதம் குறைந்தால், அந்த இடத்தில் தகைவு சுமார் 17 சதவீதம் ஏறும். துருக்குழியில் தொடங்கும் வெடிப்பு ஒருநாள் கம்பியையே முறித்துவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? மூலையை அமுக்கி வண்டி எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பது ஷாக் அப்சார்பருக்கான சோதனை, ஸ்பிரிங்குக்கு அல்ல. சமதளத்தில் நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்து, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப் வைத்து அளங்க. இடம் வலம் ஒப்பிட்டு, கம்பெனி மேனுவலில் உள்ள உயரத்தோடும் பாருங்க. ஒருபக்கம் மட்டும் தாழ்ந்திருந்தாலும் அந்த ஆக்சிலின் இரண்டு ஸ்பிரிங்கையும் சேர்த்தே மாற்றணும்.

செலவு மிச்சம் என்று சுருளுக்கு நடுவில் ரப்பர் பஃபர் செருகுவார்கள். வேலை செய்யும் சுருள் ஆறில் ஒன்று முடங்கினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். அதே பள்ளத்துக்கு மீதி ஐந்தும் அதிகமாகத் திருக வேண்டியிருக்கும். அது உயரத்தைத் தரும், துருவை ஆற்றாது.

கடைசியாக ஒன்று. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் நம் வீடுகளில் இன்னும் ஓடுகிறது. அதன் முன்பக்கம் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட். ஒரு மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங்கை 150 மில்லிமீட்டர் அமுக்கி வைத்தால் உள்ளே 225 ஜூல். 10 கிலோ இரும்பு 2.3 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். ஸ்பிரிங் கம்ப்ரஸர் மாட்டாமல் ஸ்ட்ரட்டின் மேல் நட்டைக் கழற்றினால், அத்தனையும் உங்கள் முகத்துக்கு நேரே வரும். கயிறு, கம்பி கட்டிச் சமாளிக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீங்க. கம்ப்ரஸர் இல்லையா? அன்னைக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

மாட்டி முடித்ததும் வீல் அலைன்மென்ட் பாருங்க. உயரம் மாறினால் கேம்பர், டோ இரண்டும் மாறும். விட்டுவிட்டால் அடுத்து டயர்தான் தேயும்.