சம்பளம் எவ்வளவு? மிச்சம் எவ்வளவு?

பாகாலா ஒரு ரயில் சந்திப்பு. காட்பாடி, திருப்பதி, தர்மாவரம் ஆகிய ஊர்களுக்கு இங்கிருந்து ரயில் பாதைகள் போகின்றன. பாகாலாவில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

கணவர் கொத்தனார். வளைகுடா நாட்டுக்குப் போக விரும்புகிறார். அவர் கையில் இரண்டு வேலைக் கடிதங்கள் இருக்கின்றன.

சவூதி அரேபியாவில் சம்பளம் மாதம் 1,200 ரியால்.
பஹ்ரைனில் சம்பளம் மாதம் 130 தினார்.

“தினாருக்குத்தான் மதிப்பு அதிகம். பஹ்ரைனுக்கே போகிறேன்” என்றார் கணவர்.

மனைவி இரவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். “கொஞ்சம் பொறுங்க. என் நகையை அடகு வைத்துத்தானே போகப் போகிறீங்க? அதை மீட்க வேண்டாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்” என்றார்.

சவூதியும் பஹ்ரைனும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். நடுவில் கடல். கடல் மேல் 25 கிலோமீட்டர் நீளப் பாலம் இருக்கிறது. அது 1986-இல் திறக்கப்பட்டது. நாடுகள் பக்கத்தில் இருந்தாலும் பணம் வேறு. 1 பஹ்ரைன் தினார் ஏறக்குறைய 10 சவூதி ரியாலுக்குச் சமம்.

மனைவி நோட்டில் எழுதினார். 130 தினார் என்றால் 1,300 ரியால்.

“பார்த்தாயா? பஹ்ரைனில் 100 ரியால் அதிகம்” என்று சிரித்தார் கணவர்.

“சாப்பாடு யார் செலவு?” என்று கேட்டார் மனைவி.

கணவருக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவி கடிதங்களைப் படித்துப் பொருள் சொன்னாள். சவூதியில் மூன்று வேளைச் சாப்பாடும் கம்பெனி தரும். பஹ்ரைனில் தங்கும் இடம் மட்டும் தரும்.

பஹ்ரைனில் வேலை செய்யும் நண்பரிடம் போனில் கேட்டார்கள். “நான்கு பேர் சேர்ந்து சமைக்கிறோம். ஆளுக்கு மாதம் 30 தினார் ஆகிறது” என்றார் அவர்.

மனைவி மீண்டும் எழுதினார்.

பஹ்ரைன்: 130 - 30 = 100 தினார். அதாவது 1,000 ரியால்.
சவூதி: 1,200 ரியால். சாப்பாட்டுச் செலவு இல்லை.

சவூதியில்தான் மாதம் 200 ரியால் அதிகம் மிஞ்சும். ஓர் ஆண்டுக்கு 2,400 ரியால். கணவர் நோட்டையே பார்த்தார். “நல்ல வேளை, கேட்டாய்” என்றார்.

எப்போதும் சவூதிதான் லாபம் என்று நினைக்கக் கூடாது. அங்கே 2020 ஜூலை முதல் விற்பனைப் பொருள்களுக்கு 100-க்கு 15 ரியால் வரி. உணவுப் பொருளுக்கும் உண்டு. 100 ரியால் சரக்குக்கு 115 ரியால் கொடுக்க வேண்டும். பஹ்ரைனில் அடிப்படை உணவுப் பொருள்கள் பலவற்றுக்கு இந்த வரி இல்லை. சவூதியில் சொந்தமாகச் சமைத்தால் கணக்கு மாறிவிடும்.

நினைவில் கொள்ளுங்கள்:

1. பணத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்.
2. சாப்பாடு, தங்கும் இடம் யார் செலவு என்று கேளுங்கள்.
3. வாய்ப்பேச்சு போதாது. ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.
4. அரசிடம் பதிவு செய்த முகவர் மூலமே போங்கள்.

நீங்களே கணக்குப் போடுங்கள்:

சவூதியில் சம்பளம் 1,400 ரியால். சாப்பாட்டுக்கு 350 ரியால் செலவு. பஹ்ரைனில் சம்பளம் 125 தினார். சாப்பாடு இலவசம். எங்கே அதிகம் மிஞ்சும்? எவ்வளவு?