வீட்டு இன்ஷூரன்ஸ்: குடியானவர் கவனிக்க வேண்டியவை

2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியுமுன் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கஜா புயல் கரை கடந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்ததும், கூரைகள் பறந்ததும் யாவரும் அறிந்ததே. மரத்தை மறுபடி நடலாம். வீட்டை மறுபடி கட்டக் கைப்பணம் வேண்டும். அதற்கு முன்கூட்டியே வழி செய்வது வீட்டு இன்ஷூரன்ஸ்.

1-4-2021 முதல் இந்தியாவில் தீ இன்ஷூரன்ஸ் நடத்தும் பொது இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் யாவும் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் ஒரே மாதிரியான பாலிசியைக் கொடுத்தாக வேண்டும். தீ, இடி, புயல், வெள்ளம், பூகம்பம், நிலச்சரிவு, மரம் விழுதல் முதலியவற்றால் வீட்டிற்கு நேரும் சேதம் இதில் அடங்கும். மூல ஷரத்துகள் ஒன்றேயாதலால், கம்பெனிகளை ஒப்பிடும்போது பிரீமியம், கூடுதலாகக் கிடைக்கும் பாதுகாப்பு, நஷ்டஈடு கொடுக்கும் ஒழுங்கு ஆகிய மூன்றையும் முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

தொகையை நிர்ணயிப்பதிலேயே பலர் தவறுகின்றனர். மனையின் விலையைச் சேர்க்கலாகாது; வீடு அழிந்தாலும் மனை நிற்கும். இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவே கணக்கு. உதாரணமாக, 1,000 சதுர அடி வீட்டிற்குச் சதுர அடிக்கு ரூ. 2,000 ஆகுமெனில், தொகை ரூ. 20 லட்சம். கட்டடத் தொகையில் நூற்றுக்கு 20 வீதம், அதாவது ரூ. 4 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தனி ஜாபிதா இன்றியே பாதுகாப்பு உண்டு. இதற்கு உச்சவரம்பு ரூ. 10 லட்சம். நகைகளுக்குத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

பாங்குக் கடன் ரூ. 8 லட்சத்திற்கு மட்டும் இன்ஷூர் செய்திருந்து வீடு முழுதும் அழிந்தால், கடன் தீரும், வீடு எழும்பாது. வேறு சில தீ பாலிசிகளில், பாதி மதிப்பிற்கே இன்ஷூர் செய்தவருக்குச் சேதத்தில் பாதியே கிடைக்கும். கிருஹ ரக்ஷாவில் இவ்விதக் குறைப்பு இல்லை. ஆயினும் பாலிசித் தொகைக்கு மேல் கட்டடத்திற்குக் கிடைக்காது.

சாதாரணக் கன்னக்களவு இதில் சேராது. மேற்கண்ட விபத்தின் காரணமாக ஏழு நாட்களுக்குள் நேரும் திருட்டு மட்டுமே சேரும். நிற்கும் பயிருக்கும், மாடுகளுக்கும், வியாபாரச் சரக்கிற்கும் தனித்தனி பாலிசிகள் அவசியம். கூரை ஓடா, ஓலையா என்பதை விண்ணப்பத்தில் உள்ளபடியே எழுதுக. பொய் எழுதினால் நஷ்டஈடு மறுக்கப்படலாம்.

சேதம் நேர்ந்தவுடன் கம்பெனிக்கு அறிவித்து, புகைப்படம் எடுத்து, சர்வேயர் பார்க்கும் வரை சேதமான பொருள்களைக் காத்து வைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே கிராம அதிகாரிகள் இவற்றைக் குடிகளுக்கு எடுத்துரைப்பது நலம்.