சாட்சி இல்லாத கடிதம் உயிலாகுமா?

கேள்வி: ராணுவத்தில் இருந்த என் மகன் எல்லைச் சண்டையில் இறந்துவிட்டான். 'எனக்கு ஏதாவது ஆனால் என் பெயரில் உள்ள முந்திரிக்கொல்லை அம்மாவுக்கு' என்று போர்முனையிலிருந்து தன் கைப்பட எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. சாட்சிக் கையெழுத்து இல்லாததால் செல்லாது என்கிறார்கள் சம்பந்தி வீட்டார். பென்ஷனும் முழுக்க மருமகளுக்கே போகிறது. அதில் எனக்குப் பங்கு உண்டா? பேத்திக்கு ஐந்து வயது. நாங்கள் கத்தோலிக்கர்கள்.
- வாசகி, வரதராஜன்பேட்டை

பதில்: முதலில் பென்ஷன். அம்மா, அதில் வாரிசு என்ற முறையில் உங்களுக்குப் பங்கு கிடைக்காது. குடும்ப ஓய்வூதியம் உங்கள் மகன் விட்டுப்போன சொத்து அல்ல. விதிகள் யாரைச் சொல்கின்றனவோ அவருக்கே அது போகும். உயில் எழுதியும் மாற்ற முடியாது என்று ரயில்வே ஊழியர் ஒருவரின் மனைவி தொடுத்த வயலட் ஐசக் வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசு தரும் கருணைத் தொகையும் அந்தந்த ஆணைப்படிதான். கல்வானில் 2020-இல் உயிர்நீத்த ராமநாதபுரம் மாவட்ட ஹவில்தார் பழனியின் குடும்பத்துக்குத் தமிழக அரசு 20 லட்சம் ரூபாயும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தது அப்படித்தான்.

கொல்லை விஷயம் வேறு. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 65, 66-ஆம் பிரிவுகள் போரில் ஈடுபட்டிருக்கும் சிப்பாய்க்குத் தனிச் சலுகை தருகின்றன. முழுவதும் தன் கையால் எழுதியிருந்தால் சாட்சி வேண்டாம். அவர் கையெழுத்துகூட வேண்டாம். குண்டு விழும் இடத்தில் பத்திர எழுத்தருக்கு எங்கே போவது? இந்துக்களுக்கு இந்தப் பிரிவுகள் பொருந்தாது. கிறிஸ்தவரான உங்கள் மகனுக்குப் பொருந்தும்.

அமைதிக்கால முகாமிலிருந்து எழுதியதென்றால் சலுகை போய்விடும். கடிதத் தேதியில் அவர் யூனிட் எங்கிருந்தது என்பதற்கு ரெக்கார்ட் ஆபீஸில் எழுத்துப்பூர்வமான சான்று கேளுங்கள். உறையையும் எறியாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள். கையெழுத்து நிபுணரின் வேலை கெடும். ஒப்பிட அவர் எழுதிய பழைய கடிதங்களும் வேண்டும்.

இந்தக் கடிதம் தோற்றால் உங்களுக்கு ஒன்றுமில்லை. உயில் இல்லாத கிறிஸ்தவரின் சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைக்கு. பிள்ளை இருக்கும்போது தாய்க்குப் பங்கு கிடையாது. இந்துக் குடும்பமென்றால் 1956 சட்டப்படி தாயும் முதல் வகுப்பு வாரிசு. என்னைக் கேட்டால், கிறிஸ்தவத் தாய்க்கு இது அநியாயம்தான். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் இருந்தாலும் அது பங்கு ஆகிவிடாது.

மருமகளோடு பேசித் தீர்ப்பதானால், பேத்தி மைனர். அவள் பங்கை விட்டுக்கொடுத்து எழுத நீதிமன்ற அனுமதி தேவை. பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு. கடிதத்தோடு ஜெயங்கொண்டம் நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், நகல் போதும்.