மந்திரத்துக்கும் விதி உண்டு

“விஞ்ஞானம் படிக்கிறவனுக்கு மாயமந்திரக் கதை எதற்கு?” என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. கேள்வி நியாயமானதே. ஒரு கதையை எடுத்துக்கொண்டு அதற்கு விடை தேடுவோம்.

அமெரிக்காவில் 1939 மார்ச் மாதம் ‘அன்னோன்’ என்றோர் இதழ் தோன்றியது. போர்க்காலக் காகிதப் பஞ்சத்தால் 1943 அக்டோபருடன் நின்றும் போயிற்று. அந்தச் சில ஆண்டுகளுக்குள், சிரித்துக்கொண்டே படிக்கத்தக்க மாயக் கதைகள் பலவற்றை அது வெளியிட்டது. 1940 மே இதழில் வந்த ‘தி ரோரிங் டிரம்பெட்’ அவற்றுள் ஒன்று. எழுதியவர் இருவர்: ஒருவர் விமானப் பொறியியல் கற்ற ஸ்பிரேக் டி கேம்ப், மற்றவர் வரலாற்று நூல்கள் எழுதிய பிளெட்சர் பிராட்.

கதாநாயகன் ஹெரால்டு ஷே ஓர் உளநூல் ஆராய்ச்சியாளன். ஓர் உலகின் அடிப்படைக் கொள்கைகளால் மனத்தை நிரப்பிக்கொண்டால் அந்த உலகுக்கே போய்விடலாம் என்பது அவனுடைய தலைவர் சால்மர்ஸின் கொள்கை. தருக்கச் சூத்திரங்களை ஓதிக்கொண்டே அயர்லாந்தின் புராண உலகுக்குப் புறப்படுகிறான் ஷே. போய் விழுந்ததோ, வட ஐரோப்பியத் தேவர்களின் உலகில். அதுவும் ஊழிப் போருக்குச் சற்று முன்னர்!

முன்யோசனையுடன் தீப்பெட்டி, கைத்துப்பாக்கி, சாரணர் கையேடு எல்லாம் எடுத்துச் சென்றிருந்தான். தீக்குச்சி பற்றவில்லை. துப்பாக்கி வெடிக்கவில்லை. கையேட்டின் எழுத்துக்களை அவனாலேயே படிக்க முடியவில்லை. அந்த உலகில் நம் பௌதிகமும் ரசாயனமும் செல்லாக் காசுகள். அங்கே ஆட்சி புரிபவை மந்திரத்தின் விதிகள்.

அவ்விதிகள் ஆசிரியர்களின் வெறும் கற்பனையல்ல. ஜேம்ஸ் பிரேசர் 1890-இல் வெளியிட்ட ‘தி கோல்டன் பவ்’ என்னும் ஆராய்ச்சி நூலில் தொகுத்துச் சொன்னவை. ஒன்று, ஒப்புமை விதி: ஒத்தது ஒத்ததைப் பிறப்பிக்கும். மற்றொன்று, தொடர்பு விதி: ஒரு காலத்தில் சேர்ந்திருந்தவை பிரிந்த பின்னும் ஒன்றையொன்று பாதிக்கும். நமக்கு இவை புதியனவா? பாவை செய்து ஊசி குத்துவது முதல் விதி. காலடி மண்ணை எடுத்து ஏவல் வைப்பது இரண்டாவது விதி. பாட்டிமார் வாயிலாக நாம் அறிந்தவைதாமே!

நகைச்சுவை எங்கே பிறக்கிறது என்பதை இப்போது காணலாம். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்ற உலகில் வியப்பும் இல்லை, சிரிப்பும் இல்லை. விதி இருந்தால்தான் அதை அரைகுறையாக அறிந்தவன் அகப்பட்டுக்கொள்வான். அதே ஆண்டு வந்த அடுத்த கதையில், சால்மர்ஸ் மந்திரத்தால் ஒரு டிராகனை வரவழைக்க முயல்கிறார். நூறு வந்து நிற்கின்றன! அவையும் புல் மேய்கின்ற சாதுக்கள். சோதனைச்சாலையில் அளவு பிசகித் திண்டாடிய எவரும் இந்த இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பர்.

இதே கலையைத் தமிழில் காண விரும்புவோர் புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ படிக்க வேண்டும். 1943-இல் வெளிவந்த அக்கதையில் பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. கடவுள் சென்னைக்கு வருகிறார். காப்பி அருந்துகிறார், பிள்ளையின் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராகிறார். அவரே ஆடிக் காட்டிய கூத்தும் கலையறிந்த பெரிய மனிதரிடம் எடுபடவில்லை! ஷேயின் தீக்குச்சி தேவருலகில் பற்றவில்லை. கடவுளின் தாண்டவம் சென்னையில் பற்றவில்லை. இரண்டு கதைகளும் தெய்வங்களைப் பழிப்பதற்காகச் சிரிக்கவில்லை. ஓர் உலகின் நியாயத்தை மற்றோர் உலகில் செலுத்தப் பார்க்கும் அசட்டுத் துணிச்சலைக் கண்டே சிரிக்கின்றன.

தொலைவிலிருந்து படிக்க வந்த நமக்கு இச்சிரிப்பு நன்றாகவே விளங்கும். நாம் கொண்டுவந்த தீக்குச்சிகளும் சில இங்கே பற்றுவதில்லை அல்லவா? ஷே அதற்காக மூலையில் உட்கார்ந்து புலம்பவில்லை. வந்த இடத்தின் விதியைக் கற்றான். அரக்கர் சிறையில் அகப்பட்டபோது, தன் நீண்ட மூக்கை எண்ணி நாணிய காவலனுக்கு அதை மந்திரத்தால் சிறிதாக்கித் தருவதாகச் சொல்லித் தப்பினான்.

எதையும் தெரிந்துகொண்டதாக எண்ணுமுன், அது எந்த அடிப்படையின் மேல் நிற்கிறது என்று கேட்பதே விஞ்ஞானத்தின் முதற்பாடம். அப்பாடத்தைச் சிரிக்கச் சிரிக்கக் கற்பிக்கும் கதையை விஞ்ஞான மாணவன் படிக்காமல் வேறு யார் படிப்பது?