துப்பாக்கிச் சாவைத் தடுக்கும் கணக்கு

அமெரிக்கத் துப்பாக்கிச் சூடு பற்றிப் பேச்செடுத்தால், ‘அந்த நாட்டில் இதற்கு விமோசனமே கிடையாது’ என்று முடித்துவிடுபவர்கள் அதிகம். ஆனால், சட்டம் மாறட்டும் என்று காத்திருக்காமல் சாவைக் குறைத்துக் காட்டிய நகரங்கள் அங்கேயே இருக்கின்றன.

நம்பிக்கை: துப்பாக்கிச் சாவு என்றால் கொலைதான்.

2021ஆம் ஆண்டு அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர், அதாவது பாதிக்கும் மேல், தற்கொலை செய்துகொண்டவர்கள். பள்ளிகளிலும் வணிக வளாகங்களிலும் நடக்கும் படுகொலைகள்தான் நம் தொலைக்காட்சிவரை வருகின்றன. மொத்தச் சாவில் அவற்றின் பங்கு மிகச் சிறியது.

2009இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர் ஒரே வாரத்துக்குள் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். இந்த விவரம் தெரியவந்ததும் துப்பாக்கி வியாபாரிகளும் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மனமுடைந்து வரும் வாடிக்கையாளரை எப்படி அறிவது, எப்போது விற்க மறுப்பது என்ற குறிப்புகளும், தற்கொலைத் தடுப்பு உதவி எண் அச்சிட்ட சுவரொட்டிகளும் கடைகளுக்குப் போயின. மற்ற மாநிலங்களும் இதைப் பின்பற்றின. துப்பாக்கி உரிமையை விட்டுக்கொடுக்காதவர்களே இதில் பங்காளிகள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நம்பிக்கை: ஏழைப் பேட்டையில் எல்லாப் பையன்களும் துப்பாக்கி தூக்குவார்கள்.

இதைவிட அநியாயமான பேச்சு வேறில்லை. அதைப் பொய்யாக்கியது பாஸ்டன். 1990இல் அந்நகரில் 152 கொலைகள். 1992 மே மாதம், தேவாலயத்தில் நடந்துகொண்டிருந்த ஓர் இறுதிச் சடங்குக்குள்ளேயே கும்பல் புகுந்து தாக்கியது. அதன்பின் கறுப்பினப் போதகர்கள் சிலர் இரவில் தெருவில் இறங்கி நடக்கவும், கும்பல் பையன்களோடு பேசவும் தொடங்கினார்கள்.

இன்னொரு பக்கம், ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் கென்னடியின் குழு, காவலர்களையும் நன்னடத்தை அதிகாரிகளையும் கும்பல் இளைஞர்களோடு நேரடியாகப் பழகும் தெருப் பணியாளர்களையும் ஓர் அறையில் உட்கார வைத்தது. 1990 முதல் 1994 வரை கொல்லப்பட்ட, 21 வயதுக்கு மேற்படாத 155 பேரின் வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். இறந்தவன் யாருடைய ஆள், யாரோடு பகை, எதனால் பகை? கோப்பில் இல்லாத பதில்கள் தெருவில் வேலை செய்தவர்களின் நினைவில் இருந்தன. கூட்டிப் பார்த்தபோது வந்த கணக்கு இது: 61 கும்பல்கள், சுமார் 1,300 பேர். நகரத்தில் அந்த வயதினரில் இவர்கள் 1 சதவீதம்கூட இல்லை. இளைஞர் கொலைகளில் குறைந்தது 60 சதவீதம் இவர்களைச் சுற்றியே நடந்திருந்தது. மற்ற 99 சதவீதத்தினர் வெறுமனே சந்தேகத்தைச் சுமந்துகொண்டிருந்தார்கள்.

1996இல் கும்பல் உறுப்பினர்களை நேரில் அழைத்துப் பேசினார்கள். சுடுவதை நிறுத்துங்கள், வேலை, படிப்புக்கு உதவி இருக்கிறது, மீறிச் சுட்டால் கும்பல் முழுவதும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மாத சராசரியில் இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்ததாக மதிப்பீட்டு ஆய்வு சொன்னது.

நம்பிக்கை: யார் ஆபத்தானவர் என்று கணினி சொன்னால் போதும், மீதியைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும்.

சிகாகோ காவல்துறை அப்படித்தான் நம்பியது. சுடக்கூடியவர்கள், சுடப்படக்கூடியவர்கள் என்று கணினி ஒரு பட்டியல் தயாரித்தது. அந்தப் பெயர்களை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதைக் காவலர்களுக்கு யாரும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. 2016இல் வெளியான ராண்ட் நிறுவன ஆய்வின்படி, பட்டியலில் இருந்தவர்கள் சுடப்படும் ஆபத்து குறையவில்லை. அவர்கள் கைதாகும் வாய்ப்புதான் கூடியது. 2019 இறுதியில் அதைக் கைவிட்டார்கள்.

நம்பிக்கை: புல்லும் மரமும் தோட்டாவைத் தடுக்கவா போகின்றன?

தடுத்திருக்கின்றன. பிலடெல்பியாவில் கேட்பாரற்றுக் கிடந்த மனைகள் துப்பாக்கியை ஒளித்துவைக்க வசதியாக இருந்தன. ஆய்வாளர்கள் 541 மனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதியில் குப்பையை வாரி, மண்ணைச் சமன்செய்து, புல் விதைத்து, சில மரங்களை நட்டு, தாழ்வான மரவேலி போட்டு, அக்கம்பக்கத்தார் உள்ளே வர வழியும் விட்டார்கள். 2018இல் வெளியான முடிவு: வறுமைக்கோட்டுக்குக் கீழிருந்த பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் சரிந்தது.

நம்பிக்கை: ஒருமுறை குறைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

ஓக்லாண்ட் நகரம் பாஸ்டன் வழியை 2012இல் மீண்டும் கையிலெடுத்தது. 2018க்குள் கொலைகள் ஏறத்தாழப் பாதியாயின. பிறகு பிடி தளர்ந்தது. வாராந்திரக் கூட்டங்களும் நேரடிச் சந்திப்புகளும் தேய்ந்தன. 2021 முதல் 2023 வரை ஒவ்வோர் ஆண்டும் கொலைகள் 100ஐத் தாண்டின. நகரமே அந்தத் திட்டத்தைக் கைவிட்டுவிட்டதாக 2024 தொடக்கத்தில் ஒரு தணிக்கை சொன்னது. திட்டத்துக்கு மறுபடி உயிர்கொடுத்தார்கள். அந்த ஆண்டே கொலைகள் குறைந்தன. தெருப் பணியாளர்களின் சம்பளத்தில் கைவைக்க நினைக்கும் எந்த நகர மன்றமும் முதலில் ஓக்லாண்டின் கணக்கைப் பார்க்கட்டும்.