வெள்ளம் வடிந்தபின் வீட்டுப் பொருள்களை உலர்த்துதல்

2018 ஆகஸ்டில் கேரளத்தில் நேர்ந்த பெருவெள்ளம் வடிந்து, வீடுகளிலிருந்து சேறு அகற்றப்பட்ட பின்னரும், ஈரத்தை அகற்றும் பணி எஞ்சி நின்றது. பருவமழைக் காலத்து வெள்ளம் அனைத்திற்கும் இவ்விடர் பொதுவானதாகும். அக்காலத்தில் காற்றே ஈரம் மிகுந்திருப்பதால், பொருளிலுள்ள நீர் எளிதில் ஆவியாவதில்லை.

30 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியையே கொள்ளும். எனவே, 40 கன மீட்டர் கொள்ளளவுள்ள அறையின் காற்று முழுவதும் கொள்ளக்கூடியது 1,200 கிராம் மட்டுமே. சாதாரணச் செங்கல் நீரில் மூழ்கிக் கிடப்பின், தன் எடையில் 20 சதவீதம் வரை நீரை ஈர்க்கலாம். 3 கிலோகிராம் எடையுள்ள இரண்டு கற்களிலிருந்து வெளிப்படும் நீரே அவ்வறையை நிறைத்துவிடும். ஆதலின், அடைத்த அறையில் விசிறியைச் சுழற்றுவதால் பயன் இல்லை. எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து, ஈரக்காற்று வெளியேறுமாறு விசிறியை வெளிநோக்கி வைத்தல் வேண்டும். (மின்கம்பிகளைத் தக்கவர் சோதித்த பின்னரே இதைச் செய்யலாம்.)

தாமதத்தைச் சிறிதும் பொறாதவை தாள்கள். ஈரப்பொருளில் 24 முதல் 48 மணி நேரத்திற்குள் பூஞ்சணம் தோன்றக்கூடும். சொத்துப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ் முதலியவற்றை வெயிலில் இடாது, அச்சிடாத வெள்ளைத் தாள்களுக்கு இடையே நிழலில் பரப்பி, ஈரம் ஊறிய தாள்களை அடிக்கடி மாற்றுதல் நன்று. ஒட்டிக்கொண்ட பக்கங்களை வலிந்து பிரிக்கலாகாது. உடனே உலர்த்த இயலாத தாள்களை உறைபதனப் பெட்டியில் வைத்தால் பூஞ்சணத்தின் வளர்ச்சி தடைப்படும். பின்னர் அவகாசம் கிடைக்கும்போது சிறிது சிறிதாக எடுத்து உலர்த்தலாம். கழிவுநீர் ஊறிய பஞ்சு மெத்தையோ உலர்த்தும் உழைப்புக்குத் தகுதியற்றது. அதை நீக்கிவிடுவதே சரி.

மரச்சாமான்களுக்கு இதற்கு மாறாகப் பொறுமை தேவை. மரத்தின் ஈரம், உலர்ந்த மரத்தின் எடையில் சுமார் 30 சதவீதத்திற்குக் குறையும்போதுதான் மரம் சுருங்கத் தொடங்குகிறது. கடும் வெயிலில் வைத்தால் மேற்பகுதி முந்திச் சுருங்கும். உட்பகுதியோ பருத்தே நிற்கும். இவ்விழுப்பினால் பிளவு உண்டாகிறது. அலமாரியின் இழுப்பறைகளைக் கழற்றி, காற்று எல்லாப் புறமும் செல்லுமாறு கட்டைகளின்மேல் நிழலில் வைப்பது தகும்.

சுவர் உலரப் பல மாதங்கள் ஆகலாம். நீர் நுண்துளைகளின் வழியே மேற்பரப்பை அடைந்து ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த உப்பு வெண்மையாகப் பூக்கும். அதனை ஈரத்துணியால் துடைத்தால் மீண்டும் கரைந்து உட்செல்லும். உலர்ந்த தூரிகையால் தள்ளுதல் வேண்டும். பண்டிகை நெருங்குகிறதெனச் சிலர் எண்ணெய் வர்ணம் பூசிவிடுகின்றனர். அப்பூச்சு ஈரத்தின் வழியை அடைத்து, நாளடைவில் தானும் கொப்புளித்து உரியும். வர்ணம் பூசுமுன், ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு விளிம்பும் இறுக ஒட்டுமாறு சுவரில் பதித்து, ஒரு நாள் விட்டுவைத்துப் பார்க்கலாம். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி காணப்படின், சுவர் இன்னும் உலரவில்லை.